நாற்பத்தொரு நாள் மூச்சு விட்ட பாட்டில்

உப்பளத்துக்கு வந்து கன்னியப்பன் மெஸ் எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். கருவாட்டுக் குழம்புக் கடை என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் கூலி பேசாமலே வண்டியைத் திருப்புவார். அவருக்கும் அங்கே சாப்பிடுகிற வேலை இருக்கும்.

நான்கு மேசை, பதினாறு ஸ்டூல், கல்லாவில் கன்னியப்பன், அடுப்படியில் அவன் மனைவி அஞ்சலாட்சி. தவளக்குப்பத்துப் பெண். அவள் வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்குச் சட்டிக்கு இருபத்தெட்டு மிளகாய். முதல் கவளத்தில் காது அடைக்கும், இரண்டாவதில் கண்ணில் நீர் வரும், மூன்றாவதில் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பார்கள். பதினோரு வருஷமாக யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல நினைத்தவர்களுக்கு வாய் திறக்க முடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் ஓதெத்தம்மா தூக்குவாளியோடு வருவார். பிரெஞ்சு பென்ஷன் வீட்டு அம்மாள். அவர் வீட்டு மாடியில் சுற்றுலாக்காரர்கள் வாடகைக்குத் தங்குகிறார்கள். கீழே கருவாடு வைத்தால் மூக்கைப் பொத்துகிறார்களாம். அதனால் குழம்பு இங்கிருந்து போகும். "எங்க வூட்டுக்காரருக்கு இது இல்லன்னா ஞாயித்துக்கெழமையே இல்லப்பா" என்பார். வீட்டுக்காரர் யார் என்று கன்னியப்பன் கேட்டதில்லை. பார்சல் வாங்க வருகிறவர்களிடம் கதை கேட்டால் பின்னால் வரிசை நீளும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் தை மாசம் ஒரு கடிதம் வந்து விழுந்தது. கடற்கரையிலிருந்து ஸ்டேடியம் வரை 'சுற்றுலாச் சுவை மண்டலம்' என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு உணவகமும் தன் உணவு சிவப்பு வைனோடு பொருந்துகிறது என்று சான்று பெற வேண்டும். குலுக்கலில் முதலாவதாக வந்திருப்பது தங்கள் கடை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் சான்று பெறாவிட்டால் ஏப்ரல் முதல் தேதி கடை பூட்டப்படும். இப்படிக்கு, சிவப்பு வைன் மற்றும் கார உணவு இணக்கக் கழகம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்பதால் ஊரில் எல்லோரும் இணக்கக் கழகம் என்றார்கள்.

கன்னியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கழகத்துக்குப் போனான். அங்கே செயலாளர் நெடுமாறன் இருந்தார். கழகத்தின் கார அலுவலரும் அவர்தான். தூக்கத்தில்கூட அவர் அச்சுத் தமிழில்தான் பேசுவார் என்று அவர் மனைவி சொல்லக் கேள்வி.

"சார், நம்ம கடையில வைனே விக்கிறதில்ல சார்."

"விற்கச் சொல்லவில்லையே. பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறோம்."

"யாருமே குடிக்காதப்ப பொருந்தி இன்னா ஆவப் போவுது சார்?"

நெடுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மழை பெய்யாத நாளிலும் வானிலை அறிக்கை வருகிறதல்லவா?"

வானிலை அறிக்கை யார் கடையையும் பூட்டியதில்லை என்று கன்னியப்பனுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

"எப்டி சார் பாப்பீங்க?" என்று மட்டும் அப்போது கேட்டு வைத்தான்.

"விதி ஒன்பது. வைனைச் சுவைப்பவர் ஒருவர். காரத்தை மதிப்பிடுபவர் ஒருவர். இருவரின் அறிக்கையையும் படித்துப் பொருத்தம் கூறுபவர் மூன்றாமவர். எக்காரணம் கொண்டும் இரண்டும் ஒரே வாய்க்குள் போகக் கூடாது."

"ரெண்டும் சேந்து நல்லா இருக்குதான்னு பாக்கணும்னா, ஒரே வாயில..."

"அங்கேதான் பாமரர்கள் தவறுகிறார்கள். ஒரே வாய் இரண்டையும் சுவைத்தால் அந்த வாய்க்குச் சொந்தக் கருத்து உண்டாகிவிடும். சொந்தக் கருத்துக்குக் கழகத்தில் இடமில்லை."

சிவராத்திரிக்கு மறுநாள் காலை கழகம் கடைக்கு எழுந்தருளியது. மூன்று பேர், மூன்று அங்கி. திராட்சை நிறத்தில் கனத்த வெல்வெட், கணுக்கால் வரை. கழகம் ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் அந்த அங்கி தைக்கத்தான் போயிற்றாம். தலைவர் தொமினிக், ஊர் மரியாதையில் முசே தொமினிக், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர் பாஷையில் சொல்தா. எழுபது வயசிலும் முதுகு வளையாதவர். அவர்தான் வைனைச் சுவைப்பவர். கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, அதில் ஒரு சின்னக் கிண்ணம். "எதுக்குண்ணே பெரியவரு கொழந்தைக்குப் பால் ஊத்துற பாலாடைய மாட்டிகினு வந்துருக்காரு?" என்று ஆட்டோ வடிவேல் கன்னியப்பன் காதில் கேட்டான். மூன்றாமவர் பூர்ணிமா மேடம், இணக்க ஆலோசகர். பிரான்சில் மூன்று மாதம் படித்தவர். முப்பது வயசுதான், அங்கிக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

அரக்கு முத்திரையிட்ட பாட்டில் ஒன்றைக் கல்லா மேல் வைத்தார்கள். பக்கத்தில் ஏற்கெனவே பிள்ளையார் இருந்தார். முசே தொமினிக் பிரெஞ்சில் ஏதோ உறுதிமொழி சொல்ல, மற்ற இருவரும் புரியாமல் தலையசைக்க, தக்கை 'டப்' என்று கழன்றது. பூர்ணிமா மேடம் முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினார்.

"பழைய தோல் பை... மழை விட்ட பிறகு காடு... ஈர மரம்..."

கன்னியப்பனும் எட்டி முகர்ந்தான். தோல் வரை சரியாகத்தான் இருந்தது. மழையில் நனைந்த செருப்பைக் கதவுக்குப் பின்னால் விட்டு மறந்தால் இப்படித்தான் வரும். சபை மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டான்.

அஞ்சலாட்சி குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். நெடுமாறன் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார்.

"இது என்ன, கருவாடா? நேற்று முழுவதும் விரதமிருந்து கண் விழித்திருக்கிறேன். இன்று இதை முகர்வதும் உண்பதற்குச் சமம். நாளை மறுநாள் வைத்துக்கொள்வோம்."

"நாளன்னிக்குத் திருநீற்றுப் புதன்" என்றார் முசே தொமினிக். "தவக்காலம் ஆரம்பம். ஈஸ்டர் வரைக்கும் வைன் தொடறதில்லன்னு நேர்ந்துகிட்டேன்."

"ரெண்டையும் வேற வேற நாள்ல..." என்று கன்னியப்பன் ஆரம்பித்தான்.

"விதி பதினொன்று. இரண்டும் ஒரே நாளில் நடைபெற வேண்டும்" என்றார் நெடுமாறன். பிறகு எழுந்து, வெல்வெட்டை உதறிக்கொண்டு ஒரு சிற்றுரை ஆற்றினார். "நம் கழகத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் சம இடம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஒரு சாரார் மாலை போடுவர். மாசி, பங்குனியில் மறு சாரார் தவமிருப்பர். ஆடியில் எதையும் தொடங்கலாகாது. புரட்டாசியில் மச்சம் ஆகாது. இவ்வளவு பேருடைய நம்பிக்கைகளையும் மதித்து, யார் மனமும் புண்படாதவாறு கழகம் இரண்டு ஆண்டுகளாக ஒருமுறைகூடக் கூடாமல் காத்துவந்திருக்கிறோம். இதைவிடப் பெரிய இணக்கம் எங்கே உண்டு?"

வடிவேல் கை தட்டிவிட்டான். சாப்பாடு சீக்கிரம் வரும் என்கிற நம்பிக்கைதான்.

போகும்போது கன்னியப்பன் தக்கையை எடுத்துப் பாட்டிலை மூடப் போனான். பூர்ணிமா மேடம் பதறிக் கையைப் பிடித்தார். "ஐயோ, மூடாதீங்க! வைன் மூச்சு விடணும்." திறந்த பாட்டிலைக் கையெழுத்து ஆகும் வரை மூடக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, மூடினால் விண்ணப்பம் ரத்து. தக்கையைக் கழகம் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று முதல் அந்தப் பாட்டில் பிள்ளையார் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர், சோற்றுக் கடையில் திறந்த பாட்டிலா என்று மூடச் சொன்னார். கழகத்தின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ஈ மொய்க்கிறதே என்று அஞ்சலாட்சி பாட்டில் வாயில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினாள். துணி மூடியாகுமா ஆகாதா என்று கன்னியப்பனுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

மாசி மகம் வந்தது, ஊரே கடற்கரைக்குப் போனது, ஆய்வு தள்ளிப்போனது. அடுத்த வாரம் நெடுமாறனுக்கு வயிற்றுப் புண் முற்றியது, மறுபடி தள்ளிப்போனது. பிறகு கழகத்திலிருந்து பூர்ணிமா மேடம் கையெழுத்தில் ஓர் ஆலோசனைக் குறிப்பு வந்தது. 'வைன் ஏற்கெனவே தயாரிக்கப்பட்டு முடிந்துவிட்டது. குழம்பு தினந்தோறும் தயாரிக்கப்படுகிறது. ஆகவே இணக்கத்தின் பொருட்டு மாற வேண்டியது குழம்பே. மிளகாய் நான்கு போதுமானது.'

கன்னியப்பன் அதை மூன்று முறை படித்தான். படிக்கப் படிக்க நியாயமாகவே பட்டது, அதுதான் பயமாக இருந்தது. நாள் இன்னும் பதினைந்து. கடை போனால் வேறு கதியில்லை. மறுநாள் அஞ்சலாட்சி தவளக்குப்பத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நான்கே மிளகாய் போட்டுக் குழம்பை அவனே வைத்தான்.

முதல் பந்தியில் வடிவேல் ஒரு வாய் சாப்பிட்டான். அப்படியே கையை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணே, யாரு?"

"இன்னா யாரு?"

"மறைக்காதண்ணே. கொழம்பே சொல்லுதே. எழவு வுழுந்த வூட்லதான் இப்டி வெப்பாங்க. அக்காவையும் காணோம். தவளக்குப்பத்து மாமாவா?"

கன்னியப்பன் இல்லை என்றான். துக்கத்தில் இருப்பவன் அப்படித்தான் சொல்வான் என்று பந்தியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் இரண்டாவது முறை குழம்பு கேட்கவில்லை. இரண்டு மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டு சார்பில் ரோஜா மாலை வந்தது. மூன்று மணிக்கு மாமனாரே அரியாங்குப்பம் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து இறங்கினார், யார் போனது என்று கேட்டுக்கொண்டு. பின்னாலேயே அஞ்சலாட்சி. மாமனார் மாலையைப் பார்த்தார், அதில் குத்தியிருந்த அட்டையில் தன் பெயரைப் பார்த்தார், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலாட்சி சட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இன்னாங்க இது?"

"கடைய பூட்டிருவாங்க அஞ்சலா."

"பூட்டட்டும். நாலு பேரு கண்ணு கலங்கி சாப்புடற கொழம்பு நம்மளது. காரமில்லாத இத்த வெச்சி கடைய தொறக்கறதுக்குக் கடை எதுக்கு? எங்கப்பாவ உசுரோட பாடையில ஏத்துன கொழம்பு!" குழம்பைச் சாக்கடையில் கொட்டினாள். அன்றைக்குக் கன்னியப்பனுக்கு வீட்டில் ரசம்கூட இல்லை.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறு அன்று, கடைசி முறையாகக் கழகம் கூடுவது என்று முடிவாயிற்று. கெடுவுக்கு இரண்டே நாள் பாக்கி. கடையில் இருபத்தெட்டு மிளகாய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கன்னியப்பன் கல்லாவில் உட்கார்ந்து, பதினோரு வருஷமாகப் பார்த்த நான்கு மேசையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பூசை முடிந்து நேரே வந்த முசே தொமினிக் அங்கியை மாட்டிக்கொண்டார். பாட்டிலைத் தொடமாட்டேன் என்றார். "இன்னும் தவக்காலம் முடியல. நேர்ச்சை நேர்ச்சைதான்."

அடுப்படியிலிருந்து அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள். "அது வைன் இல்லீங்க. மோந்து பாருங்க. புளிச்சிக் காடி ஆயி பத்து நாளாவுது."

துணியை அவிழ்த்ததும் கடை முழுக்கப் புளிப்பு நெடி அடித்தது. பூர்ணிமா மேடத்துக்குத் தும்மல் வந்தது. எல்லோரும் நெடுமாறனைப் பார்த்தார்கள். அவர் கோப்பைப் புரட்டி, யோசித்து, முகம் மலர்ந்தார்.

"எல்லாம் நன்மைக்கே. இயற்கையின்படி இது காடி. ஆகவே முசே அவர்களின் நேர்ச்சைக்குப் பங்கமில்லை. கோப்பின்படி இது வைன்; ஆகவே ஆய்வுக்கும் பங்கமில்லை. அருந்தலாம்."

முசே தொமினிக் சிலுவை போட்டுக்கொண்டு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். பட்டாளத்துக்காரர், முகம் சுளிக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. 'உறுதியான குணம்' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது காரம். வயிற்றுப் புண்காரரான நெடுமாறன் குழம்பைத் தொடமாட்டார். அதற்கும் விதி இருந்தது. வாடிக்கையாளர் ஒருவரைச் சாப்பிட வைத்து அவர் நெற்றியில் அரும்பும் வேர்வைத் துளியை எண்ணுவது. வடிவேல் உட்கார்ந்தான். அவன் ஆசை தீரச் சாப்பிட, நெடுமாறன் அவன் முகத்துக்கு நேரே குனிந்து எண்ணினார். "ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது... அசையாதீர், இரண்டு சேர்ந்துவிட்டன."

இரண்டு அறிக்கையும் பூர்ணிமா மேடம் கைக்குப் போயின. உறுதியான குணம், அறுபத்து மூன்று துளி. அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் பிள்ளையாரைப் பார்த்தான். நாற்பத்தொரு நாள் அந்த நெடியைச் சகித்தவர், இதையும் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

அப்போதுதான் ஒரு கையில் குருத்தோலையும் மறு கையில் தூக்குவாளியுமாக ஓதெத்தம்மா உள்ளே வந்தார். வந்தவர் முசே தொமினிக்கைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாங்க, மீட்டிங்குன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துருக்கீங்க? நான் உங்களுக்குத்தான கொழம்பு வாங்க வந்தேன்! இந்த வெயில்ல இது இன்னா போர்வை?"



"வீட்டுக்காரரு... இவருங்களா?" என்றான் கன்னியப்பன்.

"இவருதாம்பா. ஞாயித்துக்கெழம உன் கொழம்பு ஒரு கிண்ணம், சோடா ஊத்தி சிவப்பு வைன் ரெண்டு கிளாஸ். பதினோரு வருஷமா இதான். அதுக்கு முன்னாடி நான் வெச்ச கொழம்பு. போன ஞாயிறுகூட சாப்ட்டாரே."

"தவக்காலத்திலா?" என்றார் நெடுமாறன்.

"வூட்ல ஞாயிறு தவக்காலக் கணக்குல வராது" என்றார் முசே தொமினிக், மேசையைப் பார்த்தபடி.

நெடுமாறன் முகம் வெளிறிப்போனது. "அப்படியானால் இரண்டும்... ஒரே வாயில்? விதி ஒன்பது? தலைவரே!"

முசே தொமினிக் எழுந்தார். கிண்ணத்தைச் சங்கிலியோடு கழற்றிக் கல்லா மேல் வைத்தார். அங்கியையும் கழற்றினார், உள்ளே பனியன் முழுக்க நனைந்திருந்தது. "நான் விலகிக்கிறேன்" என்றார்.

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றார் நெடுமாறன். "கழகத்தில் இரண்டையும் சேர்த்துச் சுவைத்தவர் தாங்கள் ஒருவர்தான். தாங்களும் விலகிவிட்டீர்கள். இனிக் கழகம் தூய்மையாக இயங்கும்."

பூர்ணிமா மேடம் பேனாவைக் கீழே வைத்தார். மூன்று மாதம் படித்து, இரண்டு வருஷம் அங்கி போட்டும் யாரிடமும் கேட்க முடியாமல் போன கேள்வி ஒன்று அவருக்குள் இருந்தது. "முசே, நிஜமா சொல்லுங்க. ரெண்டும் சேந்து எப்படி இருக்கும்?"

எல்லாம் இந்த ஒரு பதிலில் இருந்தது. நன்றாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் பெரியவரே என்று கன்னியப்பன் மனசுக்குள் கும்பிட்டான்.

முசே தொமினிக் ஓதெத்தம்மாவைப் பார்த்தார்.

"பொருந்தவே பொருந்தாதும்மா. கொழம்பு ஒரு வாய் போட்டதும் நாக்கு வெந்துடும். அதுமேல வைன் ஊத்துனா வெந்த புண்ல வேல் பாஞ்ச மாரி இருக்கும்."

"அப்பறம் ஏன் சாப்புடறீங்க?" என்றார் பூர்ணிமா மேடம்.

"சொல்தாவா இருந்தப்ப ஞாயித்துக்கெழமன்னா வைன். அப்டியே பழகிப்போச்சு. கட்டிகிட்டது உப்பளத்துப் பொண்ணு. அவங்க வூட்ல ஞாயித்துக்கெழமன்னா கருவாடு. ரெண்டும் ஒரே நாள்ல வந்துடுச்சு. ஒண்ண வுட சொல்லி அவளும் சொல்லல, நானும் சொல்லல. அவ்ளோதான்."

ஓதெத்தம்மா குருத்தோலையால் விசிறிக்கொண்டார். வெயிலுக்குத்தான் என்பது போல.

கன்னியப்பன் கல்லாவைப் பிடித்துக்கொண்டான். போயிற்று. சாட்சியோடு போயிற்று. அடுப்படி வாசலில் அஞ்சலாட்சி கரண்டியோடு நின்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது, அது குழம்பால் இல்லை.

பூர்ணிமா மேடம் சான்றுப் படிவத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "சார், 'பொருந்தாது'ன்னு எங்க குறிக்கறது?"

நெடுமாறன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அதில் இரண்டே கட்டங்கள் இருந்தன. பொருந்தும். மிகவும் பொருந்தும்.

"அப்படி ஒரு கட்டம் இல்லை" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "நானேதான் படிவம் வரைந்தேன். அந்தக் கட்டம் இருந்தால் என்றேனும் யாரேனும் அதை நிரப்ப நேரும். நிரப்பினால், பொருந்தாத ஒன்றுக்குக் கழகம் எதற்கு என்று எவனாவது கேட்பான். ஆகவே தொலைநோக்கோடு தவிர்த்துவிட்டேன்."

"அப்ப இவங்களுக்கு?"

நெடுமாறன் முத்திரையைக் கையில் எடுத்தார். கண்டிப்பானவர் அவர், சலுகை காட்டுவது வழக்கமில்லை. "பொருந்தவே பொருந்தாது என்று நேர்ச் சாட்சியம் இருக்கிறது. எனவே 'மிகவும்' என்பதைத் தர இயலாது. வெறும் 'பொருந்தும்' மட்டுமே."

முத்திரை விழுந்தது. கன்னியப்பன் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அஞ்சலாட்சி எல்லோருக்கும் இலை போட்டாள். பூர்ணிமா மேடம் அங்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தில் அழுதார், மூன்றாவதில் குழம்பு கேட்டார். நெடுமாறனுக்கு மோர் சோறு.

அடுத்த வாரம் கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. முதல் சான்று பெற்ற வைன் நாற்பத்தொரு நாள் மூச்சு விட்டது என்று கோப்பில் பதிவாகியிருப்பதால், அதுவே இனி முன்மாதிரி. நாற்பத்தொரு நாள் விரதமாகிய ஒரு மண்டலம் என்பது நம் மரபுக்கும் உகந்தது. எல்லா உணவகங்களிலும் பாட்டிலைத் திறந்து நாற்பத்தொரு நாள் வைத்த பிறகே ஆய்வு நடைபெறும். கடற்கரையிலிருந்து ஸ்டேடியம் வரை கல்லாவுக்குக் கல்லா ஒரு பாட்டில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

கன்னியப்பன் மெஸ்ஸில் இன்றும் சட்டிக்கு இருபத்தெட்டு மிளகாய்தான். ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியை இப்போது முசே தொமினிக்கே கொண்டு வருகிறார். ஆய்வு முடிந்த கடைகளுக்கெல்லாம் அஞ்சலாட்சி பிளாஸ்டிக் கேனோடு போய், மிச்சம் இருந்த காடியைக் கேட்டு வாங்கி வந்து வீட்டுக்கு வீடு ஊற்றிக் கொடுத்தாள். அந்த வருஷம் உப்பளத்தில் யார் வீட்டு மாங்காய் ஊறுகாயும் கெட்டுப்போகவில்லை.